அப்பச்சி பெயரில் வண்டி, சுனௌலியில் போன ஒரு நாள்

காரைக்குடியிலிருந்து நேபாளத்தில் இருக்கிற முக்திநாத் வரை புல்லட்டில் போய்த் திரும்பிப் பத்து நாளாகிறது. மலையைப் பற்றியும் காளி கண்டகி ஆற்றைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது காகிதத்தைப் பற்றி. ஒரு சாயங்காலம், ஒரு ராத்திரி, மறுநாள் மத்தியானம் வரை எங்களை சுனௌலியில், இந்திய-நேபாள எல்லையில் உட்காரவைத்தது ஒரே ஒரு கடிதம். அடுத்துக் கிளம்புகிறவர்களுக்கு அது நடக்கக் கூடாது.

தொந்தரவு ஊரிலேயே, இன்சூரன்ஸில் ஆரம்பித்தது. நம் பாலிசி இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். நேபாளத்துக்கும் செல்ல வேண்டுமென்றால் ‘ஜியாகிராபிக்கல் ஏரியா எக்ஸ்டென்ஷன்’ என்று ஒன்றைச் சேர்த்து வாங்க வேண்டும். கிளை அலுவலகத்தில் கேட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, “டூவீலருக்கு அதெல்லாம் கிடையாது சார்” என்றார் அங்கிருந்தவர். இரண்டாவது தடவை போனபோது, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். மூன்றாவது தடவை மோட்டார் டாரிஃபில், அதாவது வண்டி இன்சூரன்ஸ் விதிப் புத்தகத்தில், அந்தப் பக்கத்தையே பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். ஐஎம்டி 1 என்பது அந்த எக்ஸ்டென்ஷனின் எண். எந்த வண்டியானாலும், முழு பாலிசிக்கு 500 ரூபாய், மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் 100 ரூபாய் என்று அதில் இருந்தது, வரி தனி. நேபாளம், பூட்டான், பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு என்று ஆறு நாடுகளின் பெயர் அதிலேயே இருக்கிறது. பர்மா அதில் இல்லை. பர்மாத் தேக்குத் தூண் நிற்கிற வீட்டில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் படித்தபோது மனசு என்னவோ செய்தது. பிரின்டைப் பார்த்த பிறகு அரைமணியில் வேலை முடிந்தது. நீங்கள் போகும்போது அந்த எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

வண்டி அப்பச்சி பெயரில், அதாவது என் அப்பா பெயரில் இருந்தது. உரிமையாளர் கூட வராவிட்டால் அவர் சம்மதக் கடிதம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முத்திரைத்தாளில் எழுதி, அப்பச்சி கையெழுத்துப் போட்டு, நோட்டரி சீலும் வாங்கி வைத்திருந்தேன். குறையில்லாத கடிதம் என்றுதான் நினைத்தேன்.

காரைக்குடியிலிருந்து காசி வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல், ஒரு பஞ்சர்கூட இல்லை. அங்கே நகரத்தாரின் நகரச் சத்திரத்தில் இரண்டு ராத்திரி தங்கி, சாமி கும்பிட்டு, கோரக்பூர் வழியாக சுனௌலி போய்ச் சேர்ந்தோம்.

இந்தியப் பக்கம் அடையாள அட்டையைப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். நேபாளப் பக்கம் பெலஹியாவில் வண்டிக்கு ‘பன்சார்’ எடுக்க வேண்டும். அது சுங்கச் சீட்டு, எத்தனை நாளோ அத்தனை நாளுக்குக் கட்டணம். கூட வந்த பங்காளிக்கு வண்டி அவன் பெயரிலேயே இருந்ததால் பத்தே நிமிடத்தில் சீட்டு கிடைத்தது. என் முறை வந்தது. கவுண்டரில் இருந்த அதிகாரி ஆர்சியைப் பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார், கடிதத்தை வாங்கினார். ஒருதரம் படிக்கப் பார்த்தார். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடிதம் முழுக்கத் தமிழில் இருந்தது.

“அங்கிரேஸி?” என்றார், ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று. இல்லை. லைசென்ஸில் அப்பா பெயர் இருக்கிறதே என்று காட்டினேன். அதிலும் ஒரு வினை. ஆர்சியில் அப்பச்சி பெயர் ஆங்கில ‘சி’யில் ஆரம்பிக்கிறது, லைசென்ஸில் ‘எஸ்’ஸில். நமக்கு ஒரே பெயர், அவருக்கு இரண்டு ஆட்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே கவுண்டரைச் சாத்திவிட்டார்கள். என் கடிகாரத்தில் ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. நேபாளத்தில் நம்மைவிடக் கால்மணி நேரம் கூடுதல். அங்கே மணி ஐந்து தாண்டி ஐந்து நிமிடம் ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் இரண்டு தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பணம் கொடுத்தால் கடிதம் இல்லாமலே சீட்டு வாங்கித் தருகிறோம் என்றார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். சீட்டில் ஏதாவது தப்பிருந்தால் உள்ளே எந்தச் சோதனைச் சாவடியிலும் வண்டியை நிறுத்திவைக்கலாம். தரகரை அங்கே தேட முடியாது.

“முதல்ல அப்பச்சிக்குப் போனைப் போடு” என்றான் பங்காளி. அவனிடம் சீட்டு இருந்தது, தனியாகப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த ராத்திரி எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து இருவருமாக ஆங்கிலத்தில் கடிதத்தை எழுதினோம். உரிமையாளர் பெயர், வண்டி எண், இன்ஜின் எண், சேசிஸ் எண், ஓட்டுகிறவர் பெயர், லைசென்ஸ் எண், உறவுமுறை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த நாடு. இதில் ஒன்றும் விடக் கூடாது.

மறுநாள் காலையில் அப்பச்சி, எழுபத்திரண்டு வயதில், டைப் அடிக்கக் கொடுத்து, நோட்டரி வரும்வரை வாசலில் காத்திருந்து, ஜெராக்ஸ் கடைப் பையனை வைத்து ஸ்கேன் எடுத்து அனுப்பிவைத்தார். “சரியா இருக்கான்னு பாருப்பா, இல்லேன்னா இன்னொரு தடவை போய்ட்டு வர்றேன்” என்றார். அந்தக் குரலைக் கேட்டு எனக்குப் பேச்சு வரவில்லை.

கலர் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனால், ஒரிஜினல் எங்கே என்றார் அதே அதிகாரி. தமிழ்க் கடிதத்தையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் அதே நோட்டரி சீல், அதே தமிழ்க் கையெழுத்து. அவர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். பிறகு என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். அங்கே அப்பச்சி பெயர் ஆர்சியில் இருக்கிற மாதிரியே ‘சி’யில் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு சீலைக் குத்தினார். வாக்காளர் அட்டையே போதும் என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தால் அங்கிருந்தே திரும்பியிருப்பேன். பதினைந்திலிருந்து அறுபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு, ஆதார் மட்டும் இருந்தால் எல்லை தாண்டுவதற்கு அது செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பன்சார் எடுக்கும்போது கணக்குக்கு மேல் ஒரு நாள் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஏழு நாள் பயணத்துக்கு எட்டு நாள் கட்டினோம். முக்திநாத் பாதையில் பேனிக்கும் ஜோம்சோமுக்கும் நடுவில் மண் சரிந்து ஒரு பகல் நின்றோம், அந்த எட்டாவது நாள்தான் அபராதத்திலிருந்து காப்பாற்றியது. முக்திநாத்தில் பெருமாளைச் சேவித்தது நல்லபடியாக நடந்தது.

திரும்பும்போது பெலஹியாவில் சீட்டை ஒப்படைத்து முடித்துக்கொண்டோம். ஊருக்கு வந்த மறுநாளே 29, 30 படிவங்களில் அப்பச்சியிடம் கையெழுத்து வாங்கி, வண்டியை என் பெயருக்கு மாற்றக் கொடுத்துவிட்டேன்.