மூன்று சங்கிலி

ஜூன் 3, செவ்வாய்
குழந்தைக்காக 60 தையல்களில் தொடங்கிய குரோஷாப் போர்வை 54இல் வந்து நிற்கிறது. இரண்டு ஓரங்களும் உள்வாங்கி முறம் போலாகிவிட்டன. இன்று குழந்தையின் எடை 1,460 கிராம்.

ஜூன் 4, புதன்
இரவெல்லாம் மருத்துவமனை நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தேன். வரிசையைத் திருப்பியதும் போடுகிற மூன்று சங்கிலிகளே, இரட்டைக் குரோஷா என்கிற உயரமான தையலில், வரிசையின் முதல் தையலாகக் கணக்கில் சேர்கின்றன. ஆகவே திரும்பி வரும்போது கடைசித் தையலை அந்தச் சங்கிலியின் தலையில் குத்தி முடிக்க வேண்டும். பார்வைக்கு அது தையலாகவே தெரியாததால், ஒவ்வொரு முறையும் நான் அதற்கு முன்னதிலேயே நின்றுவிட்டிருக்கிறேன். வரிசைக்கு ஒன்றாக ஆறு வரிசைகளில் ஆறு போயின. முழுவதையும் பிரித்துவிட்டேன். 1,450.

ஜூன் 5, வியாழன்
1,430. நேற்றைவிட 20 குறைவு.

ஜூன் 6, வெள்ளி
மூன்றாவது சங்கிலியில் ஊக்கு மாட்டி அடையாளம் வைத்துக்கொள்வதால் எண்ணிக்கை இப்போது தவறுவதில்லை. ஆனால் அந்தச் சங்கிலி மற்றத் தையல்களைவிட மெலிந்திருப்பதால், அதற்கும் அடுத்த தையலுக்கும் நடுவே வரிசைதோறும் ஓர் ஓட்டை விழுகிறது. அதில் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளாதா என்று செவிலியர் கேட்டுவிட்டுப் போனார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அதன்பின் சோறு இறங்கவில்லை.

ஜூன் 7, சனி
இரண்டே சங்கிலி போட்டு, அதைக் கணக்கில் சேர்க்காமல், முதல் தையலிலேயே இரட்டையைப் போட்டுப் பார்த்தேன். ஓட்டை மறைந்தது, பதிலுக்கு ஓரத்தில் வரிசைதோறும் ஒரு புடைப்பு. பரவாயில்லை என்கிறாள் குழந்தையைப் பெற்ற சின்னவள். அவள் இப்போது எல்லாவற்றுக்கும் அதையேதான் சொல்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு
1,430. மறுபடியும் பிரித்தேன்.

ஜூன் 9, திங்கள்
சங்கிலியே வேண்டாம் என்று இன்று தோன்றியது. திருப்பியவுடன் முதல் தையலில் ஓர் ஒற்றைக் குரோஷா போட்டு, அதன் இடப்புறக் காலில் ஊசியை நுழைத்து, இன்னோர் ஒற்றையை அதன்மேல் ஏற்றினால், இரண்டும் சேர்ந்து ஓர் இரட்டையின் உயரத்துக்கு வந்துவிடுகின்றன. முதலாவதை இறுக்கிவிட்டால் காலில் ஊசி நுழையாது என்பதால் அதைச் சற்றுத் தளர்வாகவே விட வேண்டும். திரும்பி வரும்போது கடைசித் தையலுக்குத் தெளிவான தலை இருக்கிறது, தேட வேண்டியதில்லை. பத்து வரிசை முடிந்தபின் ஓரத்தை விரலால் நீவினேன். ஓட்டையும் இல்லை, புடைப்பும் இல்லை. சின்னவளை எழுப்பிக் காட்ட வேண்டும் போலிருந்தது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்
1,455. ஒவ்வொரு வரிசையிலும் 60.

ஜூன் 12, வியாழன்
1,500. சின்னவளை உள்ளே அழைத்து, குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மேலே போர்த்தத் துணி ஏதும் உண்டா என்று செவிலியர் கேட்டதற்கு, துவைத்து நாளைக் காலையில் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். 24ஆவது வரிசையில் 41ஆவது தையலில் இருக்கிறேன்.