பெயரடைவில் ஒரு பிலிப்பு

நூலுக்குள் ஒரு விஷயத்தை முடிவு சொல்லாமல் விட்டுவிடலாம். நூலின் கடைசியில் ஆட்களைப் பெயர் வாரியாகப் பட்டியலிடும் பெயரடைவில் அது முடியாது. முதல் கணவரை விட்டு அவருடைய சகோதரர் ஏரோது அந்திப்பாஸை மணந்த ஏரோதியாளின் அந்த முதல் கணவர் யார் என்பதில், நூலாசிரியருக்கும் நூலைச் செம்மைப்படுத்திய எனக்கும் வாக்குவாதம் வந்தது அதனால்தான்.

பைபிளின் மாற்கு நற்செய்தி (6:17) அவரைப் பிலிப்பு என்கிறது. கி.பி. 93 வாக்கில் யூதர்களின் தொன்மை வரலாற்றை எழுதி முடித்த யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், அதன் 18ஆம் புத்தகத்தில் ஏரோது என்கிறார்: யூதேயாவின் அரசர் பெரிய ஏரோதுக்கும், தலைமைக் குரு சீமோனின் மகள் மரியாம்னேவுக்கும் பிறந்தவர். பிலிப்பு என்று ஒருவரும் அங்கேயே வருகிறார், ஆனால் ஏரோதியாளின் மகள் சலோமேயின் கணவராக. ஆசிரியரோ ‘ஏரோது பிலிப்பு’ என்று எழுதியிருந்தார்.

“ஐயா, இந்தச் சேர்ப்புப் பெயர் யோசேபஸிடம் இல்லையே.”

“இரண்டு பேரும் சொல்வது சரி என்றால் வேறு வழி என்ன, தம்பி?”

அந்தக் கேள்வியை இப்போதும் என்னால் ஒதுக்க முடியவில்லை. அந்திப்பாஸையே யோசேபஸ் பல இடங்களில் வெறும் ஏரோது என்றுதான் எழுதுகிறார். ஒருவருக்கு இரண்டு பெயர் இருந்திருக்கலாம். ஆனால் ‘இருந்திருக்கலாம்’ என்பதை அச்சில் ‘இருந்தது’ ஆக்கலாமா? அதுவும் அந்தக் குடும்பத்தில்! யோசேபஸின் இன்னொரு நூலான யூதப் போர் வரலாற்றில் பெரிய ஏரோதின் மனைவி மக்கள் பட்டியல் இருக்கிறது; அதில் எருசலேம் கிளியோபாத்ரா என்ற மனைவியின் பிள்ளைகள் ஏரோது, பிலிப்பு. மரியாம்னேயின் மகனும் ஏரோது. மரியாம்னே என்ற பெயரில் மனைவியர் இருவர். மூத்தவரைப் பெரிய ஏரோதே கொல்லவைத்தார். யோசேபஸின் சொந்த வீட்டிலும் அப்பா மத்தியாஸ், சகோதரர் மத்தியாஸ். தாயைச் சொல்லித்தான் அவரே ஆளைப் பிரிக்கிறார். நானும் அப்படியே ‘ஏரோது, இரண்டாம் மரியாம்னேயின் மகன்’ என்று திருத்தினேன்.

“அப்போ மாற்கு தப்பா?” என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. இரண்டு சாட்சிகளையும் தனித்தனியாக விடுகிறேன், அவ்வளவுதான் என்றேன்.

அப்புறம் பெயரடைவு வந்தது. மாற்கின் பிலிப்பை எங்கே வைப்பது? சலோமேயின் கணவரோடு சேர்த்தால் மாற்கு ஆளை மாற்றிவிட்டார் என்றாகும். மரியாம்னேயின் மகனோடு சேர்த்தால் ஆசிரியரின் ‘ஏரோது பிலிப்பு’ திரும்ப வந்துவிடும். ‘பிலிப்பு (மாற்கு 6:17)’ என்று தனிப் பதிவாகப் போட்டேன்.

மெய்ப்பைப் பார்த்த ஆசிரியர், “இவருக்கு மட்டும் அம்மா பெயர் போடவில்லையே?” என்றார்.

“மாற்கு சொல்லவில்லை, ஐயா.”

சரி என்று கையெழுத்திட்டார். நான் செய்ததுதான் நேர்மை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கிறவர் பெரிய ஏரோதுக்கு மகன்களில் ஒருவரைக் கூடுதலாக எண்ணுவார். ஆசிரியர் எழுதியபடியே விட்டிருந்தால் அந்தக் குழப்பமாவது வந்திருக்காது.