பிள்ளையை யார் பார்ப்பது?

2025 மே 6, செங்கலடி, மட்டக்களப்பு

தங்கச்சிக்கு வேலை கிடைத்திருக்கிறது. பாசிக்குடாக் கடற்கரையில் ஒரு ஹோட்டல், கணக்குப் பிரிவு. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். அது இருக்கும் வந்தாறுமூலை எங்கட வீட்டுக்குக் கிட்ட என்பதால் அப்போது யாரும் தடை சொல்லவில்லை. இப்போது இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு இன்னும் இரண்டு வயதாகவில்லை. கடிதம் வந்த பின்னேரமே வளவு, வீட்டைச் சுற்றியிருக்கும் எங்கட சொந்தமெல்லாம், கூடிவிட்டது. அம்மா, பெரியம்மா, சின்னம்மா, ஃபோனில் மாப்பிள்ளையின் அக்கா. "ஹோட்டல் வேலைக்குப் பொம்புளப் புள்ளய அனுப்பினா ஊர் என்னத்தச் சொல்லும்கா?" என்று பெரியம்மா கேட்டா. வேலைக்குப் போகவேண்டியவள் ஒரு மூலையில் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள்.

மே 7

எங்கட பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனம், கலியாணம் முடித்தவர் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் அம்மா, அக்கா, தங்கச்சி எல்லாரும் ஒரே வளவில், இல்லாவிட்டால் வேலிக்கு அங்காலே. சுனாமிக்குப் பிறகு 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரில் பல வீடுகளை எழுதிக்கொடுத்தபோது, தாய்வழி வந்த இந்த உரிமைதான் அடிபட்டது. கடற்கரை ஊர்களில் அதைப்பற்றி இன்றைக்கும் மனம் நொந்து பேசும் பெண்கள் உண்டு.

இப்படி ஒரே வளவில் இருக்கிற ஏற்பாடு இல்லையென்றால் நான் இன்றைக்கு ஆசிரியையாக இருக்கமாட்டேன். என் இரண்டு பிள்ளைகளையும் அம்மாதான் வளர்த்தா. ஆனால் அதே வளவுக்கு யார் எத்தனை மணிக்கு பஸ்ஸால் இறங்கினாள் என்பதும் தெரியும். பிள்ளையைத் தாங்குகிற கையும் விரல் நீட்டுகிற கையும் ஒரே ஆட்களுடையவை. தங்கச்சியால் பெரியம்மாவோடு கோபித்துக்கொண்டு இருக்க முடியாது. நாளைக்குக் காய்ச்சல் என்றால் பெரியம்மாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

மே 9

இந்த வேலை விளம்பரம் பார்த்து வந்ததில்லை. தங்கச்சியோடு படித்த ஒரு பிள்ளை அங்கே வரவேற்புப் பகுதியில் வேலை செய்கிறாள், அவள்தான் சொல்லி விண்ணப்பிக்க வைத்தாள். வெளியே வேலை செய்கிற ஒருத்தியைத் தெரிந்திருந்தால்தான் வெளி வேலை கண்ணுக்குத் தெரிகிறது. வளவுக்குள் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் டீச்சர் வேலை. காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும், வந்து சமைக்கலாம். என் வேலையைப்பற்றி ஒருத்தரும் வாய் திறக்காததற்குக் காரணம் அந்த நேரம்தான்.

இலங்கையில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில், அதாவது வேலை செய்கிறவர்களாகவோ வேலை தேடுகிறவர்களாகவோ, இருக்கிறார்கள், ஆண்களில் பத்துக்கு ஏழு பேரளவில். தொழிற்படைக்கு வெளியே நிற்கும் பெண்கள் சொல்லும் முதற் காரணம் வீட்டு வேலை. நாலு பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தீத்தி, நித்திரையாக்குகிற என் அம்மாவும் அந்தக் கணக்கில் 'பொருளாதார ரீதியில் செயற்படாதவர்'. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

மே 14

பின் வீட்டு மாமி குவைத்தில் இருந்து வந்திருக்கிறா. வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம் அங்கேயே நின்றவ. பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கிற நுண்கடனை, குழுக்கடனை, கட்டப் போனவ என்று எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் ஒரு சொல் பிழையாகச் சொல்லவில்லை. பாசிக்குடாவுக்குப் போய்ப் பொழுதுபட வீடு திரும்புகிறவளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கதை? கடன் நெருக்கி ஒருத்தி போனால் ஊர் பொறுக்கிறது. தானாக விரும்பிப் போனால் பொறுக்கவில்லை.

2013இல் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகமுடியாது, பிறகுதான் அதைத் தளர்த்தினார்கள். பிள்ளையை யார் பார்ப்பார் என்று அரசாங்கம் கேட்டு நான் அறிந்த ஒரே தாள் அதுதான். அதையும் தாயை மறிப்பதற்காகவே கேட்டது. பார்க்க ஆள் இல்லையென்றால் நாங்கள் ஒரு பராமரிப்பு நிலையம் நடத்துகிறோம் என்று சொல்வதற்காக அல்ல. அப்படியொரு கேள்வி தகப்பன்மாரிடம் எந்தத் தாளிலும் இல்லை.

மே 15

தங்கச்சியின் புருசன் மேசன் வேலை. அவருக்கு மறுப்பில்லை. "அவ படிச்சவ, போகட்டும்" என்றார். அவருடைய அக்காதான் விடவில்லை. தம்பியின் உழைப்பு போதாது என்று ஊர் நினைக்குமாம்.

மே 18

இரவு அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னா:

"போகலாமா வேணாமா எண்டு எல்லாரும் கதைக்கிறீங்க. புள்ளயப் பாக்கப்போறவ நான். என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லயே மனே."

பார்க்க விருப்பமில்லையா என்று கேட்டேன். விருப்பம்தானாம். ஆனால் சின்னவனைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நிற்கக் கால் விடாது. கிளினிக் நாளில் வேறு ஆள் வேண்டும். தன் கையில் கொஞ்சம் காசும் வேண்டும். இவ்வளவுதான் கேட்டா. நியாயமில்லாத ஒன்றும் அதில் இல்லை.

மே 20

தங்கச்சியையும் புருசனையும் அம்மாவுக்கு முன்னால் இருத்திப் பேசினோம். விடிய பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மூத்தவளை முன்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது தகப்பன் பொறுப்பு. நான் பள்ளியால் வந்ததும் சின்னவன் என்னிடம். கிளினிக் நாளில் சின்னம்மா. மாதா மாதம் சம்பளத்தில் ஒரு பங்கு அம்மாவின் கையில், சீட்டுக் கட்டுவாவோ சேலை வாங்குவாவோ, அவவின் விருப்பம். அம்மா முதலில் "சொந்தப் புள்ளயிட்டக் காசா?" என்றா. தங்கச்சி விடவில்லை.

மே 26

இன்றைக்கு வேலை தொடங்கிவிட்டாள். சந்தியில் காலை ஆறே முக்காலுக்கு ஹோட்டல் வேன். மாத முடிவுக் கணக்கு நாட்களில் திரும்ப இரவு எட்டாகுமாம். அந்த நாட்களைப்பற்றிப் பெரியம்மாவோடு இன்னும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் பேசப் போகிறோம்.