பர்ராவின் சாவி

தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்குக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் ரீஸ்லிங் வைனைச் சுவைத்து, இரண்டு புட்டிகளை வாங்கிக்கொண்டு அப்படியே அடிலெய்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நாங்களும் இரண்டு முறை அப்படித்தான் திரும்பினோம். மூன்றாம் முறைதான், அங்கிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பர்ராவில் ஓரிரவு தங்கினோம். வழியில் திராட்சைத் தோட்டங்கள் மறைந்து, மரங்களற்ற மொட்டைக் குன்றுகள் தொடங்கிவிடுகின்றன.

இந்த ஊரைச் சுற்றிப் பார்க்கும் முறையே தனி. வருகையாளர் அலுவலகத்தில் பணம் கட்டினால், ஒரு கையேட்டையும் ஒரு சாவியையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பூட்டியிருக்கும் பழைய இடங்களை நாமே திறந்து, பார்த்து முடித்ததும் நாமே பூட்டிவிட்டு வர வேண்டும். வழிகாட்டியும் இல்லை, கூட்டமும் இல்லை. முதல் பூட்டோடு ஐந்து நிமிடம் மல்லாடிய பிறகுதான் சாவியைத் தலைகீழாக நுழைத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

1845ஆம் ஆண்டு இங்கே செம்புத் தாது கண்டுபிடிக்கப்பட்டது. கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த தெற்கு ஆஸ்திரேலியா என்ற இளம் குடியேற்றத்தை நிமிர்த்தியதில் இந்தச் சுரங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1877இல் மூடப்படும்வரை சுமார் 50,000 டன் செம்பு இங்கிருந்து கிடைத்தது. பர்ரா என்ற பெயர், அங்கு ஆடு மேய்த்த இந்தியர்களின் வாயிலிருந்து வந்த இந்துஸ்தானிச் சொல் என்று ஒரு கருத்து உண்டு. 'படா கில்லாடி' என்று நாம் சொல்கிறோமே, அந்தப் 'படா'வைத்தான் அக்கால ஆங்கிலேயர்கள் 'பர்ரா' என்று எழுதினார்கள். உண்மையோ கட்டுக்கதையோ, எனக்குப் பிடித்திருக்கிறது.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தவை ஓடைக்கரை வளைவீடுகள். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள், வீடுகள் போதாமலும் வாடகை கொடுக்க மனமில்லாமலும், ஓடையின் களிமண் கரையைக் குடைந்து குடும்பத்தோடு உள்ளே குடியேறினார்கள். 1851இல் ஏறக்குறைய 1,800 பேர் இப்படி வாழ்ந்தார்கள். புகைபோக்கிகள் மட்டும் மேலே தரைமட்டத்தில் தலைநீட்டிக்கொண்டிருந்தன. அதே ஆண்டில் ஓடை பெருக்கெடுத்துப் பலரை வெளியேற்றியது. விக்டோரியாவில் தங்கம் கிடைத்த செய்தியும் வந்து சேரவே, ஆண்கள் கூட்டம் கூட்டமாக அங்கே கிளம்பிவிட்டார்கள். இன்று எஞ்சியிருக்கும் வளைகளில் ஒன்றுக்குள் குனிந்து நுழைந்தேன். மண்சுவரில் கைவைத்தால் வெளியே கொளுத்தும் வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத குளிர்ச்சி; இரண்டு கட்டில்களைப் போட்டால் நடக்க இடமிருக்காது. இதில் கைக்குழந்தையோடு மழைக்காலத்தைக் கழித்த பெண்களை நினைத்தபோது, அந்தக் குளிர்ச்சியைப் பாராட்டத் தோன்றவில்லை.

நாங்கள் தங்கிய பாக்ஸ்டன் சதுக்கத்தின் கல்வீடுகள், 1849க்கும் 1852க்கும் இடையே சுரங்க நிறுவனமே தொழிலாளர்களுக்காகக் கட்டியவை, இப்போது விடுதி. 1856இல் திறக்கப்பட்ட ரெட்ரூத் சிறையை விரைவாகப் பார்த்து முடித்தோம். பழைய யூனிகார்ன் பீர் ஆலையின் நிலவறைகளில் சற்று அதிக நேரம் நின்றோம். அங்கே ஒரு சொல் பேசினால் அது நான்காகத் திரும்புகிறது.

மறுநாள் திரும்பும் வழியில், கிளேருக்குத் தெற்கே உள்ள செவன்ஹில்லில் இறங்கினோம். ஆஸ்திரியாவிலிருந்து வந்த இயேசு சபையினர், திருப்பலிக்கு வேண்டிய வைனுக்காக 1851இல் அங்கே திராட்சை பயிரிடத் தொடங்கினார்கள். மண்ணுக்குள் 1,800 பேர் குடியிருந்த அதே ஆண்டு என்பது முந்தைய இரண்டு பயணங்களில் எனக்குத் தெரியாது. இம்முறை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவியிடம் அதைச் சொன்னேன். அவள், "சாவியைத் திருப்பிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டாள். அது என் சட்டைப் பையிலேயே இருந்தது.