விசுவாசமும் அச்சாரமும்

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்கு அப்புச்சியுடன் (அம்மாவின் அப்பாவுடன்) போன நாட்களில் என் கண் மாடுகளைவிடத் தரகர்களின் கைகளின்மேல்தான் இருக்கும். துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்து விலை முடிந்ததும், வாங்குபவர் ஒரு சிறு தொகையை அச்சாரமாக விற்பவரின் உள்ளங்கையில் வைப்பார். அதன்பின் யார் கூடுதலாகக் கேட்டாலும் அந்த மாட்டின் கயிறு கைமாறாது. எபேசியர் 1:14-இல் பரிசுத்த ஆவியானவரை நம்முடைய சுதந்தரத்தின் (அதாவது வாரிசாகப் பெறும் சொத்தின்) ‘அச்சாரம்’ என்று பழைய தமிழ் வேதாகமம் சொல்வதை முதன்முதலில் வாசித்தபோது, மொழிபெயர்த்தவரும் ஏதோ ஒரு சந்தையில் நின்றிருப்பார் என்றே நினைத்தேன். கிரேக்க மூலத்தில் உள்ள ‘அர்ரபோன்’ உண்மையிலேயே வணிகச் சொல்தான். செமித்திய மொழியிலிருந்து கிரேக்கத்துக்குள் வந்தது. ஆதியாகமம் 38-இல் ஆட்டுக்குட்டியை அனுப்பும்வரை யூதா தாமாரிடம் முத்திரை மோதிரத்தையும் கைக்கோலையும் ஈடாக விட்டுப்போகும் இடத்தில் இதன் எபிரேய வடிவம் வருகிறது.

‘விசுவாசம்’ என்று நாம் வாசிக்கும் ‘பிஸ்திஸ்’ என்ற கிரேக்கச் சொல்லையும் இந்தச் சந்தை வெளிச்சத்தில் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடுகிறது. ஒருவரை நம்புவதும் பிஸ்திஸ், அவர் நம்பத்தக்கவராக இருப்பதும் பிஸ்திஸ். கொடுத்த வாக்குறுதிக்கும், அரிஸ்டாட்டிலின் சொற்கலை நூலில் கேட்பவரை இணங்க வைக்கும் சான்றுக்கும்கூட அதே பெயர்தான். ரோமர் 3:3-இல் ‘தேவனுடைய பிஸ்திஸ்’ என்று அந்த நிருபத்தின் ஆசிரியரான அப்போஸ்தலன் பவுல் எழுதும்போது தேவன் யாரையோ நம்புகிறார் என்று பொருளாகாது என்பதால், நம் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே ‘உண்மை’ என்று போட்டார்கள். சரியான முடிவுதான், ஆனால் ஒரே சொல் இரண்டாகப் பிரிந்துபோனது. வேடிக்கை என்னவென்றால், ஆலயத்துக்கு வெளியே ‘சோறு போட்டவனுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்’ என்று பேசுகிற ஊர்த் தமிழில் இந்த இரண்டாம் முகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரசங்க மேடையில்தான் அது கேட்பவரின் மனநிலையாகச் சுருங்கிவிட்டது.

பிரசங்கத்துக்கான ‘கெருஸ்ஸோ’ என்ற வினையும் மேடைப் பேச்சைக் குறித்ததன்று. ‘கெருக்ஸ்’ என்பவன் அரசனின் அறிவிப்பாளன், நம் ஊர்களில் தண்டோராப் போட்டவரைப்போல. அனுப்பியவர் சொன்னதைச் சொல்லுவதே அவன் வேலை. தன் அனுபவக் கதை மூன்றைச் சேர்த்துச் சொல்ல அவனுக்கு அதிகாரமில்லை. (ஒலிபெருக்கியோடு நடக்கும் நம் கன்வென்ஷன் கூட்டங்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.) அவன் அறிவித்த செய்தி ‘கெருக்மா’.

ரோமர் 10:17 ‘விசுவாசம் கேள்வியினாலே வரும்’ என்கிறது. இந்தக் ‘கேள்வி’ வினா அன்று, குறளின் 42-ஆம் அதிகாரத் தலைப்பில் உள்ள அதே கேள்வி, செவியால் பெறுவது. ஆகவே கேட்டவருடைய பிஸ்திஸ் முழுவதும் அறிவிப்பாளன் கொண்டுவந்த செய்தி மெய்யா என்பதில் நிற்கிறது. பவுல் இதை மறைக்கவில்லை. 1 கொரிந்தியர் 15:14-இல் கெருக்மாவையும் பிஸ்திஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் இரண்டும் ‘விருதா’ (வீண்) என்று எழுதுகிறார். அங்கே மூலத்தில் உள்ள சொல் ‘கெனோஸ்’, அதாவது வெற்று. மாற்கு 12:3-இல் குத்தகைப் பங்கை வாங்கப்போன ஊழியக்காரனைத் தோட்டக்காரர்கள் அடித்து, வெறுங்கையனாய்த் திருப்பி அனுப்பும் இடத்திலும் அதே சொல்தான்.