ஐசி (அடையாள அட்டை) மங்கினால் இப்போதே விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போங்கள்

2024 செப்டம்பர் 21 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் அம்மாவின் ஒரு வாக்கைப் போடுவிக்கப் பட்ட பாடு பெரும்பாடு.

அம்மாவின் அடையாள அட்டையில் படம் மங்கி, யாரென்றே தெரியாத நிலை. வாக்காளர் அட்டை தபாலில் வந்துவிட்டதே, அது போதும் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். போதாது. அது வீட்டிலேயே கிடந்தாலும் வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். ஐசி, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போல ஒன்று கையில் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒன்றுமே இல்லாதவர்களுக்குத்தான் தேர்தல் ஆணைக்குழுவின் தற்காலிக அடையாள அட்டை. அதற்கு விதானையாரைப் பிடிக்க வேண்டும்.

பிடிப்பது லேசில்லை. கந்தோர் பூட்டு, கதவில் "வெளிக்கள வேலை" என்று ஒரு துண்டு, திகதி இல்லை. அடுத்த முறை ஆள் இருந்தார், படம் சரியில்லை என்றார். "முதலே சொல்லியிருக்கலாமே தம்பி" என்று அம்மா கேட்டதற்கு, "எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்க ஏலுமோ அம்மா?" என்று பதில். வெயிலில் ஸ்ரூடியோவுக்கு நடந்தோம். போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள், படத்தை இரண்டு மூன்று பிரதி கூடுதலாக எடுங்கள். கடைசித் திகதி தேர்தலுக்குப் பல நாள் முன்னமே வந்துவிடும்.

அட்டை கிடைத்தது. அப்புறம்தான் அம்மா கேட்டார்: "மூன்று புள்ளடி போடலாம்தானே?"

பாராளுமன்றத் தேர்தல் பழக்கம் அது. அங்கே கட்சிக்கு ஒரு புள்ளடி (X), விரும்பும் வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்களுக்கு மூன்று வரை. ஜனாதிபதித் தேர்தலில் ஒன்றுக்கு மேல் புள்ளடி விழுந்தால் சீட்டு கழிந்தது. ஒருவருக்கு மட்டும் என்றால் ஒரு புள்ளடியோ 1 என்ற இலக்கமோ. இரண்டாம், மூன்றாம் விருப்பத்தெரிவும் வேண்டுமென்றால் 1, 2, 3. இரண்டையும் கலக்கவே வேண்டாம். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெட்டிகள் கீறி, அம்மாவைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

வாக்களிப்பு நிலையத்தில் வரிசை, மை எல்லாம் சுகமாக முடிந்தது. சீட்டுத்தான் 27 அங்குலம்! 39 பெயர்கள், அதில் ஒருவர் இடையில் காலமாகிவிட்டார், பெயரை எடுக்கவில்லை. அந்தச் சின்ன மட்டைத் தடுப்புக்குள் அம்மா அதை விரித்தபோது பாதி வெளியே தொங்கியது. மடித்துப் பெட்டிக்குள் திணிக்க ஒரு பாடு.

யாருக்குப் போட்டார் என்று சொல்லவில்லை. "1, 2, 3 மூன்றும் போட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், நாட்டில் முதல் தடவையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. முதல் இரண்டு இடங்களில் வந்த அநுர குமார திசாநாயக்கவும் சஜித் பிரேமதாசவும் மிஞ்ச, மற்றவர்களுக்கு விழுந்த சுமார் 33 லட்சம் வாக்குகளில் 2, 3 என்ற விருப்பத்தெரிவின்படி அந்த இருவருக்கும் போய்ச் சேர்ந்தவை 2 லட்சத்து 73 ஆயிரம்தான். நிராகரிக்கப்பட்டவை வேறு 3 லட்சத்துக்கு மேல். கந்தோர் கந்தோராக அட்டைக்கு அலைய விடுகிறவர்கள், இந்த 1, 2, 3 கணக்கை ஊர் ஊராகக் காட்டிக் கொடுத்திருக்கலாம்.