ஒரே ஷெல்ஃப் ஃபில்டர், காதுக்குள்ள ஒரு மாதிரி ரூமுக்குள்ள வேற மாதிரி

ஐஇஎம்முக்கு (காதுக்குள்ள சொருகுற இயர்ஃபோன்) செட் பண்ணி வச்சிருந்த ஈக்யூவை (எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமா வரணும்னு மாத்துற அமைப்பு) அப்படியே சப்வூஃபருக்கும் (கீழ் பேஸுக்குன்னு இருக்குற தனி ஸ்பீக்கர்) போட்டா என்ன ஆகும்னு ரொம்ப நாளா ஒரு அரிப்பு, இப்ப ரெண்டும் ஒரே கம்ப்யூட்டர்ல ஈக்வலைசர் ஏபிஓங்கிற விண்டோஸ் மென்பொருள் வழியா ஓடுறதால செஞ்சே பாத்தாச்சு.

ஐஇஎம் பக்கம் பெரிய வேலை எதுவும் இல்ல. 105 ஹெர்ட்ஸ்ல ஒரு லோ ஷெல்ஃப் (அதுக்குக் கீழ இருக்குறதை மொத்தமா ஏத்துற ஃபில்டர்), க்யூ (ஃபில்டர் எவ்வளவு குறுகலா இருக்குங்கிற அளவு) 0.7, கெயின் +5 டிபி, அதுக்கு ஈடா ப்ரீஆம்ப், அதாவது மொத்த சத்த அளவு, -5. இந்த ப்ரீஆம்ப்பை விட்டுட்டா சத்தமான இடத்துல எல்லாம் கிளிப் ஆகும் (அலையோட உச்சி வெட்டுப்பட்டு கரகரக்கும்), அப்புறம் ஐஇஎம் சரியில்லன்னு திட்டிட்டு இருப்போம். ஆனா ஷெல்ஃபைத் தொடுறதுக்கு முன்னாடி டிப் (காதுல உக்கார்ற ரப்பர் முனை) சைஸ் மாத்திப் பாருங்க. சீல் சரியா இல்லன்னா கீழ் பேஸ் பூரா ஒழுகிப் போயிடும், ஒழுகுற குடத்துல தண்ணி ஊத்துற கதைதான்.

ட்ரெபிள்ல கொஞ்சம் மெனக்கெட்டேன். நெட்ல கிடைக்கிற ரெடிமேட் ப்ரீசெட்ல 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல இருந்த ஃபில்டரை எல்லாம் முதல் வேலையா தூக்கிட்டேன், ஏன்னா ஐஇஎம்மை அளக்க காதுக்குப் பதிலா வைக்கிற கப்ளரோட சொந்த ரெசொனன்ஸே (தானா எழும்புற அதிர்வு உச்சம்) பெரும்பாலும் அந்த 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் வரும், அது நம்ம காதுல எங்க வரும்ங்கிறது ஐஇஎம்மை எவ்வளவு ஆழமா சொருகுறோம்ங்கிறத பொறுத்தது. அதனால டோன் ஜெனரேட்டர்ல சைன் டோனை 5லருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா நகர்த்தினேன், சத்தம் சமமா வந்துட்டே இருந்து 7.6 கிட்ட வந்ததும் ஊசி குத்துற மாதிரி சுள்ளுன்னு ஏறுச்சு, அதைத் தாண்டினதும் டக்குன்னு அடங்கிடுச்சு. அங்க ஒரு பீக்கிங் ஃபில்டர் (ஒரு இடத்தை மட்டும் ஏத்தவோ இறக்கவோ செய்றது), -4 டிபி, க்யூ 4. ஐஇஎம்மை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளினா அந்தக் குத்து மேல நகருது, வெளிய இழுத்தா கீழ வருது, அப்போ ஃபில்டரும் இடம் தப்பிடுது. ஸ ஸன்னு வர்ற எழுத்துங்க இப்ப காதைக் கிழிக்கல, அது போதும்.

இப்ப சப். அதே 105 ஷெல்ஃபை ரூம் பக்கம் போட்டதும் பேஸ் வந்துச்சு, வந்ததோட போகவே இல்ல. ஒரே ஒரு நோட் மட்டும் பூஊஊம்னு நின்னுட்டே இருக்கு, மத்த நோட்டெல்லாம் அதுக்குள்ள முழுகிடுச்சு. கணக்கு போட்டா காரணம் கிடைக்குது. ஒலி வேகம் நொடிக்கு 343 மீட்டர், ரூம் நீளம் 4.2 மீட்டர், 343ஐ நீளத்தோட ரெட்டிப்பால வகுத்தா 41 ஹெர்ட்ஸ் கிட்ட. நான் உக்கார்றதோ பின் சுவர் பக்கம், அந்த மோட் (சுவருக்கு சுவர் மோதி ரூமுக்குள்ளயே நிக்கிற அலை) உச்சத்துல இருக்குற இடம். மைக் வச்சு ஆர்இடபிள்யூங்கிற அளக்குற மென்பொருள்ல ஸ்வீப் (கீழருந்து மேல வரைக்கும் ஓடுற டோன்) எடுத்தா அதே 41ல ஒரு கோபுரம். ஷெல்ஃபைத் தூக்கிட்டு அங்க -8 டிபி, க்யூ 6ன்னு ஒரே ஒரு வெட்டு போட்டேன், சத்தம் எவ்வளவு நேரத்துல அடங்குதுன்னு காட்டுற வாட்டர்ஃபால் கிராஃப்ல அந்த நீள வாலும் சுருங்கிடுச்சு. வெட்டினதுக்கு அப்புறம்தான் பேஸ் கூடின மாதிரி கேக்குது, வேடிக்கைதான்!

61 ஹெர்ட்ஸ்ல இருந்த பள்ளம்தான் மசியவே இல்ல. +6 டிபி ஏத்தினா ஆம்ப்புக்கு நாலு மடங்கு பவர் செலவு, கோன் துடிக்குது, பள்ளம் பள்ளமாவே இருக்கு. அது ரூம் அகலத்தோட மோட், அகலம் 2.8 மீட்டர், சப் மூலைல இருக்கு, நாற்காலி அகலத்துக்கு நட்ட நடுவுல, அதாவது அந்த மோட் ஒண்ணுமில்லாம போற சரியான இடத்துல. இதுக்கு ஃபில்டரே இல்ல, நாற்காலியை ஒரு பக்கமா நகர்த்தினேன், பள்ளம் பாதிக்கு மேல தூர்ந்துச்சு. ஸ்டீரியோ நடு கொஞ்சம் கோணினது ஒரு குறைதான், பேஸ் கிட்டார் முழுசா கேக்குறதுக்காக நான் அதைப் பொறுத்துக்கிறேன்.

கிராஸ்ஓவர் (சப்பும் ஸ்பீக்கரும் வேலையைப் பிரிச்சுக்கிற இடம்) 80 ஹெர்ட்ஸ், வகை லிங்விட்ஸ் ரைலி, ஆக்டேவுக்கு 24 டிபி சரிவு. இதுக்குன்னு தனி பட்டன் தேட வேண்டாம், க்யூ 0.707ல லோ பாஸ் ஃபில்டரை (கீழ் பகுதியை மட்டும் விடுறது) ரெண்டு தடவை அடுக்கினா அதேதான், ஸ்பீக்கர் பக்கம் ஹை பாஸும் (மேல் பகுதியை மட்டும் விடுறது) அப்படியே. சப் பின்னாடி இருக்குற லோ பாஸ் திருகை கடைசி வரைக்கும் திருப்பி வச்சிடுங்க, இல்லன்னா ரெண்டு ஃபில்டரும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். தனித்தனியா அளந்தப்ப ரெண்டு கோடும் அழகா இருந்துச்சு, சேத்து ஓட்டினா 80 கிட்ட ஒரு குழி, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கேன்சல் பண்ணுது. சப் போலாரிட்டி சுவிட்சைத் (அலையைத் தலைகீழாக்குறது) தட்டினதும் குழி நிரம்பிடுச்சு, மீதியை டிலேல சில மில்லிசெகண்ட் நகர்த்தி சரி பண்ணினேன்.

சப் போர்ட் (காத்து போய் வர்ற குழாய்) வச்ச பெட்டிங்கிறதால கடைசியா 20 ஹெர்ட்ஸ்ல ஒரு ஹை பாஸும் சேத்திருக்கேன், அந்தப் போர்ட்டோட ட்யூனிங் அதிர்வெண்ணுக்கு கீழ போனா கோனைப் பிடிச்சு நிறுத்த உள்ள காத்து அழுத்தம் இருக்காது, சத்தமே வராம சும்மா முன்னும் பின்னும் ஆடும். அடுத்து சப்பை மூலைலருந்து எடுத்து அகலத்துக்கு நடுவுல வச்சு அளக்கணும், அங்க வச்சா அந்த 61 மோட் கிளம்பவே கூடாது, நாற்காலியும் பழைய இடத்துக்கே வந்துடலாம்.